மழலையும் பெற்றோர் கடமையும்

உணவும் உடையும் கல்வியும் தந்துவிட்டால் பெற்றோர் கடமை முடிந்தது என்று கருதுவோர் பலர். பள்ளிக்கு அனுப்பும் நாளுக்கு நெடுமுன்னரே தொடங்கும் கடமை ஒன்று உண்டு. அது குழந்தையோடு பேசுவது.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்னும் உளவியல் அறிஞர்கள் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதப் பருவத்தில் இந்தி மொழியின் தகர, டகர ஒலிகளை வேறுபடுத்தி உணர்ந்தன. 10 முதல் 12 மாதங்களுக்குள் அவ்வாற்றல் பெரிதும் குன்றிவிட்டது. கேளாத ஒலி செவிக்கு அயலாகிவிடுகிறது.

ஒலிப்பதிவு போதாதோ என்பீர். பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் பேசியவரிடம் சீனமொழி ஒலிகளைக் கற்றன. திரையில் பார்த்தபோது கற்கவில்லை.

பெங்களூர்த் தமிழர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் இன்றைய கன்னடத்தில் வழக்கொழிந்தது. தெருவும் பள்ளியும் நம் குழந்தைக்குக் கன்னடம் தரும், அது நற்பேறே. ழகரத்தை யார் தருவார்? பிற்காலத்தில் கற்க முடியாதென்பதில்லை. முயற்சிதான் பன்மடங்கு வேண்டும்.

நாளைய பெற்றோராகிய நாம், கைப்பேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், மடியில் இருத்தி மழை, பழம் என்று திருத்தமாகச் சொல்வோம்.