காய்ச்சல் மாத்திரை நுரையீரலைக் கெடுக்குமா?

2023 மார்ச்சில் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரி முடிந்து, சுவாமிகள் அவரவர் ஊர் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. காய்ச்சல் பரவுகிறது என்று மார்ச் 16 முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டது புதுச்சேரி அரசு. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2022 செப்டம்பரிலும் இதே நிலைதான்.

இப்படி ஃப்ளூ காய்ச்சல் பரவும் நாட்களில் மருத்துவர் சீட்டில் தென்படும் பெயர் ஓசல்டாமிவிர். டாமிஃப்ளூ என்றால் பலருக்குப் புரியும். மாத்திரை போட்ட மறுநாள் மூச்சிரைத்தால் வீட்டில் உள்ளவர்களுக்கு மாத்திரை மேல்தான் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

உறிஞ்சும் மருந்தில் உண்மையான ஆபத்து

ஃப்ளூ மருந்துகளில் நுரையீரலை நேரடியாகச் சீண்டக்கூடியது ஜனாமிவிர். ரிலென்சா என்ற பெயரில் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, வாயால் உறிஞ்சும் பொடி. பொடியில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் கலந்திருக்கும். ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சடைப்பு உள்ளவர்களுக்கு இதை உறிஞ்சியதும் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொள்ளலாம். 2000-ம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுபற்றி எச்சரித்தது. 2009 பன்றிக்காய்ச்சல் நேரத்தில் இந்தப் பொடியைக் கரைத்து வென்டிலேட்டர் வழியாகக் கொடுத்தபோது, லாக்டோஸ் கருவியை அடைத்து ஒரு நோயாளி இறந்தார். இப்படிக் கரைத்துக் கொடுக்கவே கூடாது என்று எஃப்டிஏ மீண்டும் எச்சரித்தது.

ஓசல்டாமிவிர் விழுங்கும் மருந்து. இதில் அதிகம் வருவது குமட்டலும் வாந்தியும்தான். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். நுரையீரல் அழற்சி மிக அரிது. ஆனாலும் ஜப்பானில் டாமிஃப்ளூவின் விவரத்தாள், கடுமையான பக்கவிளைவுகளில் அதையும் சேர்த்திருக்கிறது. இப்படி நேர்ந்தால் எக்ஸ்ரே போன்ற பரிசோதனை செய்து, காரணம் மருந்தா, கிருமியா என்று பிரித்தறியும்படி மருத்துவருக்குச் சொல்கிறது அந்தத் தாள்.

பிரித்தறிவது ஏன் கடினம்?

ஃப்ளூ வைரஸே நுரையீரலில் இறங்கி அழற்சியை உண்டாக்கும். அது புண்ணாக்கிய இடத்தில் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறினால் நிமோனியா. காய்ச்சல் தணிந்து, இரண்டு நாள் தெம்பாக நடமாடிய பிறகு மறுபடி காய்ச்சலும் இருமலும் ஏறுவது இதற்கு முக்கிய அடையாளம். மாத்திரைக்கான ஐந்து நாளும் இந்தச் சிக்கல் தலைகாட்டும் நாட்களும் ஒன்றாகவே வருவதால் பழி மாத்திரை மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி நோய்தான்.

மாத்திரை மேலுள்ள பயத்தில் மருந்தைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. உடம்புக்குள் வைரஸ் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் பரவாமல் தடுப்பதுதான் ஓசல்டாமிவிரின் வேலை. அதனால் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் அதிகம். ஆரோக்கியமானவருக்குக் காய்ச்சல் நீடிக்கும் காலத்தில் ஒரு நாளுக்கும் குறைவாகவே மிச்சமாகும். பலருக்கு இந்த மருந்து தேவையே இல்லை. கர்ப்பிணிகள், முதியோர், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் மருத்துவர்கள் இதை முக்கியமாகக் கருதுகிறார்கள்.

இந்தியாவில் 2017 முதல் இது ஷெட்யூல் எச்1 மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் மருந்துக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மிஞ்சிய அட்டையை வாங்கிப் போடுவது அந்தக் காவலைத் தாண்டிக் குதிப்பதுதான்.

‘வீசிங்’ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால், விட்ட காய்ச்சல் திரும்பினால், மருந்தா நோயா என்று வீட்டில் விவாதிக்க வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்திரா காந்தி அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ அன்றே போங்கள்.