வடை சுட்ட எண்ணெயில் விமானம் பறக்குமா?

மாணவர்களே, தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு முடித்த பிறகு, சட்டியில் மிஞ்சும் கறுத்த எண்ணெயை உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்? சில வீடுகளில் அது நேராகக் கழுவுத்தொட்டிக்குள் போகும். சிலர் போத்தலில் ஊற்றிக் குப்பையோடு போடுவார்கள். ஆனால், அந்த எண்ணெயை வாங்கிச் சுத்தம் செய்து விமான எரிபொருளாக மாற்றும் உலகின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று, ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் இயங்குகிறது. ஜொகூரின் பெங்கெராங்கிலும் அப்படி ஓர் ஆலை அமைக்க 2024ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது.

"வடை சுட்ட எண்ணெயில் விமானம் பறக்குமா?" என்று என் வகுப்பில் ஒரு மாணவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பறக்கும். பறந்தும் விட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இத்தகைய எரிபொருள் கலந்து பயணிகளோடு கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்றது. ஆகவே, பறக்குமா என்பது இப்போது கேள்வியே இல்லை. அது எப்படிச் சாத்தியமாகிறது, அதற்கு யார் பணம் கொடுப்பது, உலகத்திற்கே போதுமான பழைய எண்ணெய் இருக்கிறதா என்பவைதான் நாம் பார்க்க வேண்டிய கேள்விகள்.

மின்கலம் வைத்தால் ஆகாதா?

சாலையில் மின்சாரக் கார்கள் ஓடுகின்றன. விமானத்திற்கும் மின்கலம் பொருத்திவிட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். எடைதான் தடை. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 43 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் அயன் மின்கலத்தில் ஏறக்குறைய 0.9 மெகாஜூல் மட்டுமே சேமிக்க முடியும். அதாவது, 48 மடங்கு வித்தியாசம். மின் விசைப்பொறி ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்தும் என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. மேலும், எரிபொருள் எரிய எரிய விமானத்தின் எடை குறையும். மின்கலம் தீர்ந்தாலும் அதன் எடை குறையாது. கோலாலம்பூரிலிருந்து லண்டன் செல்லும் விமானத்திற்கு, இன்றைய நிலையில் திரவ எரிபொருளை விட்டால் வேறு வழியில்லை.

ஒரு கிலோ எரித்தால் மூன்று கிலோ

விமானங்கள் பயன்படுத்தும் ஜெட் ஏ-1 என்பது, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஒரு வகை மண்ணெண்ணெய். அதில் பெரும்பாலும் 8 முதல் 16 கார்பன் அணுக்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் இருக்கும். கணக்குப் பார்க்க எளிதாக 12 கார்பன், 26 ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட டோடெக்கேனை எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் டோடெக்கேனின் எடை 170 கிராம். அது முழுமையாக எரிந்தால் 12 மோல் கரியமில வாயு வெளிவரும். ஒரு மோல் கரியமில வாயு 44 கிராம் என்பதால், 12 மோலுக்கு 528 கிராம். 528ஐ 170ஆல் வகுத்துப் பாருங்கள், 3.1 வரும். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயு கிடைக்கிறது. கூடுதல் எடை எங்கிருந்து வந்தது? காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்ததால் வந்தது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய சமையல் எண்ணெயில் செய்த எரிபொருள் புகையே விடாது என்று நினைக்காதீர்கள். அதுவும் ஹைட்ரோகார்பன்தான். எரிந்தால் ஏறக்குறைய அதே அளவு கரியமில வாயுவைத்தான் வெளியிடும். வேறுபாடு அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. கச்சா எண்ணெயின் கார்பன், பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கடியில் அடைபட்டுக் கிடந்தது. சமையல் எண்ணெயின் கார்பனோ, செம்பனை மரம் சில ஆண்டுகளுக்கு முன் காற்றிலிருந்து ஒளிச்சேர்க்கை வழி எடுத்துக்கொண்டது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சேகரிப்பு, சுத்திகரிப்பு, போக்குவரத்து ஆகியவற்றில் ஏற்படும் வெளியேற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், மொத்த வெளியேற்றம் 80 விழுக்காடு வரை குறையக்கூடும்.

ஆலைக்குள் நடப்பது என்ன?

பெட்ரோல் நிலையங்களில் 'பி10' டீசல் என்ற எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் 10 விழுக்காடு கலந்திருக்கிறது. அந்தப் பயோடீசலை விமானத்தில் ஊற்ற முடியாது. அதன் மூலக்கூறுகளில் ஆக்சிஜன் இருக்கிறது. குளிரில் அது விரைவில் உறைந்தும் போகும். விமானம் 10 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது வெளியே ஏறக்குறைய மைனஸ் 50 பாகை செல்சியஸ் குளிர் இருக்கும். அதனால், ஜெட் ஏ-1 மைனஸ் 47 பாகை வரை உறையக்கூடாது என்பது விதி.

சமையல் எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று பல் கொண்ட சீப்பு போன்றது. கிளிசரால் என்பது சீப்பின் முதுகு. அதோடு இணைந்த மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள்தான் பற்கள். செம்பனை எண்ணெயில் இந்தச் சங்கிலிகள் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் நீளம் கொண்டவை.

முதலில், எண்ணெயிலுள்ள உணவுத் துணுக்குகள், தண்ணீர், உப்பு, உலோகத் துகள்கள் ஆகியவற்றை நீக்குகிறார்கள். அடுத்து, 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும், வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். இரட்டைப் பிணைப்புகள் ஒற்றைப் பிணைப்புகளாகின்றன. ஆக்சிஜன் பெரும்பாலும் நீராக வெளியேறுகிறது. சீப்பின் முதுகு புரொப்பேன் வாயுவாகப் பிரிந்துவிடுகிறது. மிஞ்சுவது நேரான ஹைட்ரோகார்பன் சங்கிலிகள்.

ஆனால், வேலை இன்னும் முடியவில்லை. 18 கார்பன் கொண்ட நேரான சங்கிலி 28 பாகையிலேயே உறைந்துவிடும். குளிர்சாதன வசதியுள்ள வகுப்பறையில் வைத்தால்கூட மெழுகாகிவிடும்! ஆகவே, மூன்றாவது கட்டத்தில் நீண்ட சங்கிலிகளை உடைத்துக் குட்டையாக்குகிறார்கள். நேரானவற்றைக் கிளைகள் உள்ளவையாக மாற்றுகிறார்கள். நேரான குச்சிகளை நெருக்கமாக அடுக்கலாம். கிளைகள் உள்ள குச்சிகளை அப்படி அடுக்க முடியாது. மூலக்கூறுகளும் அப்படித்தான். நெருங்கி அடுங்க முடியாததால் அவை எளிதில் உறைவதில்லை. இறுதியில் காய்ச்சி வடித்துப் பிரித்தால் விமான எரிபொருள் தயார்.

இந்த எரிபொருளை இப்போதைக்கு 50 விழுக்காடு வரைதான் சாதாரண எரிபொருளோடு கலக்க அனுமதி உண்டு. காரணம் வியப்பானது. கச்சா எண்ணெயிலிருந்து வரும் எரிபொருளில் 'அரோமேட்டிக்' என்னும் வளைய வடிவச் சேர்மங்கள் உள்ளன. அவை எரிபொருள் குழாய்களிலுள்ள ரப்பர் அடைப்பான்களைச் சற்றே உப்ப வைத்துக் கசிவைத் தடுக்கின்றன. புதிய எரிபொருளில் அவை அநேகமாக இல்லை. ஆயினும், 2023 நவம்பரில் சிறப்பு அனுமதியுடன் ஒரு விமானம் முழுக்க முழுக்க இத்தகைய எரிபொருளில் லண்டனிலிருந்து நியூயார்க் சென்று காட்டியது.

நம் வட்டாரச் சந்தை

சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. ஆனாலும், ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகளால் அது ஆசியாவின் முக்கிய எரிபொருள் சந்தையாகத் திகழ்கிறது. இவ்வட்டாரத்தில் விமான எரிபொருள் வாங்குவோரும் விற்போரும் சிங்கப்பூர் விலையை அடிப்படையாக வைத்துப் பேரம் பேசுகிறார்கள்.

புதிய எரிபொருளிலும் இதே நிலை உருவாகி வருகிறது. பின்லாந்தைச் சேர்ந்த நெஸ்தே நிறுவனம், துவாஸ் ஆலையை 2023ஆம் ஆண்டில் விரிவுபடுத்தியது. அங்கே ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை இந்த எரிபொருளைத் தயாரிக்க முடியும். பெங்கெராங்கில் பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்ளினா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அமைக்கும் ஆலை, ஆண்டுக்கு 650,000 டன் மூலப்பொருளைப் பதப்படுத்தும். 2028இன் இரண்டாம் பாதியில் அதை இயக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே ஆலை இருந்தும் எரிபொருளில் பெரும்பகுதி ஏன் வெளியே போகிறது? ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டிருக்கிறது. அங்குள்ள விமான நிலையங்களில் வழங்கப்படும் எரிபொருளில் 2025 முதல் 2 விழுக்காடும், 2030இல் 6 விழுக்காடும், 2050இல் 70 விழுக்காடும் இத்தகைய எரிபொருளாக இருக்க வேண்டும். சட்டம் இருக்கும் இடத்தில் வாங்குவோர் இருப்பார்கள். வாங்குவோர் இருக்கும் இடத்திற்குச் சரக்கு போகும்.

கூடுதல் செலவு யாருடையது?

இந்த எரிபொருளின் விலை, சாதாரண எரிபொருளைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை அதிகம். மூன்று மடங்கு என்று வைத்துக் கணக்கிடுவோம். 1 விழுக்காடு கலந்தால், 0.99 கூட்டல் 0.03, ஆக 1.02. எரிபொருள் செலவு 2 விழுக்காடு கூடுகிறது. ஒரு விமான நிறுவனத்தின் 100 வெள்ளிச் செலவில் 30 வெள்ளி எரிபொருளுக்குப் போகிறது என்றால், கூடுதல் செலவு 60 சென் மட்டுமே.

சிங்கப்பூர் பயணிகளிடம் சிறு கட்டணம் வாங்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2025 நவம்பரில் வெளியான அறிவிப்பின்படி, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சிக்கன வகுப்புப் பயணி தென்கிழக்காசியாவுக்கு 1 வெள்ளி, சென்னைக்கு 2.80 வெள்ளி, லண்டனுக்கு 6.40 வெள்ளி, அமெரிக்காவுக்கு 10.40 வெள்ளி கட்ட வேண்டும். உயர் வகுப்புப் பயணிகளுக்கு நான்கு மடங்கு. அந்தப் பணத்தில் கிடைக்கும் அளவுக்கு எரிபொருள் வாங்குவார்கள். எரிபொருள் விலை ஏறினால் பயணியின் கட்டணம் ஏறாது. வாங்கும் அளவுதான் குறையும்.

மலேசியாவின் இலக்கு இன்னும் பெரியது. 2023இல் வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 1 விழுக்காட்டில் தொடங்கி 2050க்குள் 47 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்கிறது. மேலே போட்ட அதே கணக்கை 47 விழுக்காட்டிற்குப் போட்டுப் பாருங்கள். 0.53 கூட்டல் 1.41, ஆக 1.94. விலை குறையாவிட்டால் எரிபொருள் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 100 வெள்ளிச் செலவு 128 வெள்ளியாகிவிடும். ஊருக்குப் போக ஆண்டுக்கணக்கில் காசு சேர்க்கும் குடும்பங்களுக்கு இது சிறிய தொகையன்று. ஆகவே, மலிவாகத் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடிப்பது அவசியம்.

எண்ணெய் போதுமா? உண்மையிலேயே பழையதா?

2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் தயாரான இத்தகைய எரிபொருள் ஏறக்குறைய 10 லட்சம் டன். அது மொத்த விமான எரிபொருளில் 0.3 விழுக்காடு மட்டுமே. உலகிலுள்ள எல்லாச் சட்டிகளையும் வழித்தெடுத்தாலும் விமானங்களின் தேவைக்குப் பழைய எண்ணெய் போதாது.

அப்படியானால் புதுச் செம்பனை எண்ணெயையே பயன்படுத்தலாமே? செய்யலாம்தான். ஆனால், அதற்காகக் காட்டையும் கரிச் சதுப்பு நிலத்தையும் அழித்தால், அங்கே அடைபட்டிருந்த கார்பன் வெளியேறும். மிச்சம் பிடித்ததைவிட இழப்பு அதிகமாகிவிடலாம். உணவுக்கான எண்ணெயின் விலையும் ஏறலாம். அதனால்தான் உணவுப் பயிர்களிலிருந்து வரும் எரிபொருளை ஐரோப்பிய ஒன்றியம் தன் இலக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. செம்பனை ஆலைக் கழிவுநீரில் மிதக்கும் எண்ணெய் போன்ற கழிவுகளில்தான் இப்போது பலரும் கண் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மலேசியாவில் மானிய விலையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய் பாக்கெட் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிறது. பழைய எண்ணெயை ஒருவர் கிலோ 3 வெள்ளிக்கு வாங்க முன்வந்தால் என்ன ஆகும்? புது எண்ணெயையே பழையது என்று சொல்லி விற்கச் சிலருக்கு ஆசை வரும். அப்போது ஏழைக் குடும்பத்திற்குச் சேர வேண்டிய மானியம் விமானத்தின் இயந்திரத்தில் எரிந்துபோகும். காலநிலைக்கும் பயன் இருக்காது. இதைத் தடுக்கத்தான், எண்ணெய் எந்த உணவகத்திலிருந்து எந்த வண்டியில் எந்த ஆலைக்கு வந்தது என்பதற்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆய்வகச் சோதனை மட்டும் போதாது. பழைய எண்ணெயில் கொஞ்சம் புதியதைக் கலந்தால் கண்டுபிடிப்பது கடினம்.

பாருங்கள், வேதியியல் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், கணக்கேட்டில் பொய் எழுதினால் முழு முயற்சியும் வீணாகிவிடும். எதிர்காலத்தில் இத்துறைக்கு வேதியியலாளர்கள் மட்டுமல்லாமல் நேர்மையான தணிக்கையாளர்களும் தேவைப்படுவார்கள்.

நீங்கள் செய்து பார்க்க

ஒரு மாதத்திற்கு உங்கள் வீட்டில் மிஞ்சும் பழைய எண்ணெயை ஆறவைத்து, வடிகட்டி, ஒரு போத்தலில் சேருங்கள். மாத இறுதியில் எடை பாருங்கள். உங்கள் வகுப்பில் 30 பேர் சேர்த்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கிடுங்கள். பிறகு, உங்கள் வட்டாரத்தில் பழைய எண்ணெய் வாங்கும் நிலையம் எங்கே இருக்கிறது என்று பெற்றோரிடமோ நகராண்மைக் கழகத்திடமோ விசாரியுங்கள். சேர்த்த எண்ணெய் ஒரு விமானத்தைப் பறக்க வைக்கப் போதாது. ஆனால், உங்கள் வீட்டுக் கால்வாய் அடைபடாது. 0.3 விழுக்காடு என்பது எவ்வளவு சிறியது என்பதும் உங்களுக்கு நன்றாகவே விளங்கும்.