ஒப்பனையும் ஒரு தொழிலே

அரங்கேற்ற மேடையில் ஒப்பனையை வியக்கும் நாம், அதனையே பயிலப் போவதாக நம் பிள்ளை கூறினால் முகம் சுளிக்கின்றோம்.

நமது ரொறன்ரோவிலேதான் 1984ஆம் ஆண்டில் ஒப்பனைக் கலைஞர் பிராங்க் டொஸ்கனும் சிகையலங்கார நிலைய உரிமையாளர் பிராங்க் ஆஞ்சலோவும் 'மாக்' நிறுவனத்தைத் தொடங்கினர். கடைப்பூச்சுகள் புகைப்பட விளக்கொளியில் சோபிக்காமையால், வீட்டுச் சமையலறையிலேயே கலவை செய்தனர். முதலில் நாடி வந்தோர் சக கலைஞர்களே. 1998இல் எஸ்டே லோடர் நிறுவனம் அதனை முழுமையாக வாங்கியது.

ஒன்ராறியோவில் சிகையலங்காரத்திற்குத் தொழிற்சான்றிதழ் கட்டாயம். முக ஒப்பனைக்கு அவ்வாறில்லை. எனவே பெருங்கட்டணம் செலுத்துமுன் பெற்றோர் சிந்தித்தல் நன்று. சான்றிதழைவிடச் செய்த வேலைகளின் படத்தொகுப்பையே வாடிக்கையாளர் கேட்பர். அனுபவமுள்ள கலைஞரிடம் உதவியாளராக நின்று தோலின் நிறபேதம், ஒளியின் தன்மை, தூரிகைத் தூய்மை ஆகியவற்றைக் கற்றல் வேண்டும். நம்மவரின் மாநிற முகத்தில் பொருந்தாத வெளிர்பூச்சு சாம்பல் படிந்தாற்போல் தோன்றும். இதனை மணப்பெண்கள் பலர் படத்தில் கண்டு வருந்தியதுண்டு! மணப்பெண் அலங்காரத்திற்குச் சேலை உடுத்தல், பூச்சூட்டல் ஆகியனவும் தெரிந்திருத்தல் அவசியம்.

ஆர்வமுள்ள மாணவர் எமது அடுத்த விழாவில், நாடகம் நடிப்போருக்கு ஒப்பனை செய்யும் பெற்றோருடன் மேடையின் பின்புறம் நிற்கலாம்.