வளையலைக் கழற்றிவிட்டு உள்ளே வாங்க!

அனுமதி கிடைத்துவிட்டது! திருப்பதி ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி நிலையம், 90.4 மெகாஹெர்ட்ஸ். ஏழுமலையானைச் சேவித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புகிற நம்மில் எத்தனை பேர் இந்தக் கதவைத் தட்டியிருப்போம்? செருப்பை வெளியே விடுங்கள். வளையல் போட்டிருந்தால் அதோ, அந்தப் பிளாஸ்டிக் கூடையில். ஏற்கெனவே கண்ணாடி வளையல்களும் ஒரு ஜோடிக் கொலுசும் அதில் கிடக்கின்றன. 1983-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய பல்கலைக்கழகம். கூடை நிரம்பத்தானே செய்யும்! மைக் முன்னால் கையை ஆட்டிப் பேசினால் வளையல் சத்தம்தான் முதலில் பதிவாகும்.

உள்ளே புழுக்கம். மின்விசிறி ஓடினால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால், சிவப்பு விளக்கு எரிந்த கணமே நிறுத்திவிடுகிறார்கள். துப்பட்டாவால் நெற்றியை ஒற்றிக்கொண்டே, கேட்பவர்களுக்குக் குளுகுளுவென்று வணக்கம் சொல்கிறாள் தொகுப்பாளினி. மேசையில் சுருண்டு கிடக்கும் ஒயர்கள், தேநீர் பிளாஸ்க், பாதி கடித்த பிஸ்கட், அடித்து அடித்துத் திருத்திய கேள்வித்தாள். தாளைப் புரட்டக்கூடாது, சத்தம் வரும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்துத் தோழியின் மடியில் வைக்க வேண்டும். அந்தத் தோழி மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருக்கிறாள், பாவம்.

இன்றைய விருந்தாளி புத்தூர்ப் பக்கத்துப் பாரதக் கூத்துக் கலைஞர். ஆமாம், எலும்பு முறிந்தால் கட்டுப்போட நம் ஆட்கள் ஓடுவார்களே, அதே புத்தூர். சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தர்மராஜர் கோயில்களில் கோடை வந்தால் பாரதம்தான். பகலில் அரிகதை, இரவில் கூத்து, கடைசி நாளில் தரையில் மண்ணால் பிரம்மாண்டமாய்ப் படுத்திருக்கும் துரியோதனனின் வதம். வடதமிழ்நாட்டில் படுகளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கவா வேண்டும்? தாத்தா துரியோதனன் வேஷக்காரர். தெலுங்கில் தொடங்குவார், தமிழில் முடிப்பார். யாருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

“காலையில என்ன சாப்பிட்டீங்க தாத்தா?”

குரல் அளவு பார்க்க எல்லோரிடமும் கேட்கிற கேள்வி இது. இட்லி என்று முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. தாத்தா அப்படியில்லை. ராகி சங்கடி என்றார், வேர்க்கடலைச் சட்னி என்றார். அதிலிருந்து கடலை விலைக்குப் போனார், பொய்த்துப்போன மழைக்குப் போனார், நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூருக்குப் பிழைக்கப்போன தாளக்காரரிடம் வந்து நின்றார். பதிவுக் கருவியருகே இருந்த பெண் சத்தமில்லாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவள் முதல் வார்த்தையிலேயே பொத்தானை அழுத்தியிருந்தாள், கெட்டிக்காரி!

பிறகு, “ஒரு வசனம் சொல்லுங்களேன்.” சொன்னாரே பாருங்கள்! விடிய விடியத் திறந்தவெளியில் ஊருக்கே கேட்கப் பேசிய தொண்டை. திரையில் கோடுகள் சிவப்பைத் தொட்டன, ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள் ஒருத்தி. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். மறுபடியும் தள்ளினார்கள். கடைசியில் சுவரோடு சுவராக உட்கார்ந்து கர்ஜித்தார் துரியோதனன். “இன்னும் தள்ளினா ரோட்டுல இருந்துதாம்மா பேசணும்” என்று அவர் சொல்ல, நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேட்டி வெளியே போக, நான்கு சேலைகள் உள்ளே வருகின்றன. குடிநீர்க் குழாய் பற்றிப் பேச வந்த அக்காக்கள். இங்கேதான் மாணவிகளின் முகம் இறுகுகிறது. காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது, அரசியல் பேசக்கூடாது என்பது விதி. அதனால் முன்கூட்டியே பாடம் நடக்கிறது: “அக்கா, கட்சிப் பேர் வேண்டாம். எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி வருது, அதைச் சொல்லுங்க.” அவர்கள் அதைச் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனியாகப் பிரிந்தபிறகு, பழைய காகிதத்துக்கு எந்த ஊர் அலுவலகத்தில் நிற்பது என்று அலைந்த கதையையும் சொன்னார்கள். எந்தக் கட்சியின் பெயரும் வரவில்லை. இதைவிட அசலான அரசியல் பேச்சை நான் எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்டதில்லை. அந்த விதி போகவேண்டும் என்றே நினைக்கிறேன்.

மாலையில் வெட்டி ஒட்டும் வேலை. ஒன்றரை மணி நேரப் பேச்சு அரைமணியாகச் சுருங்கவேண்டும். தாத்தாவின் இருமலை எடுத்துவிடலாமா என்று ஒரு பெரிய சண்டை! “இருமலுக்கப்புறம்தான் அந்தத் தாளக்காரர் பேச்சே வருது, வெட்டாதே” என்றவள் ஜெயித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

எல்லாம் முடியும்வரை வெளியே காத்திருந்த தாத்தா கேட்டார், “எங்க ஊர்ல எத்தனை மணிக்குக் கேக்கும்?” பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நூறு வாட் ஒலிபரப்பி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். புத்தூர் அதற்கும் அப்பால். வாட்ஸப்பில் அனுப்புவதாகச் சொல்லிப் பேரனின் எண்ணை எழுதிக்கொண்டார்கள். தாத்தா அசரவில்லை. “அப்ப மைக்கைத் தூக்கிக்கிட்டு எங்க ஊர் வதத்துக்கு வாங்க” என்றார்.

அவ்வளவுதான், அறையே அல்லோலகல்லோலம். யார் போவது, விடுதியில் அனுமதி யார் கேட்பது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, துரியோதனன் எதிரில் மைக்கை எத்தனை அடி தள்ளி வைப்பது! வளையல் கூடையைத் தேடிக்கொண்டே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.