பெர்சியன் பூனையின் சிறுநீரகம்



நீண்ட ரோமம், சப்பை மூக்கு, உருண்டைக் கண்கள். பெர்சியன் பூனையைப் பார்த்தாலே தூக்கிக் கொஞ்சத் தோன்றும். ஆனால் இந்த இனத்தில் பல பூனைகளுக்குப் பிறக்கும்போதே சிறுநீரகத்தில் ஒரு நோய் இருக்கிறது. பரிசோதனைகள் பரவலாவதற்கு முன், நூற்றில் சுமார் 38 பெர்சியன் பூனைகளுக்கு அது இருந்தது.

இரத்தத்தில் சேரும் கழிவை வடிகட்டிச் சிறுநீராக வெளியேற்றுவது சிறுநீரகம். அதற்குள் ஏராளமான நுண்குழாய்கள் உண்டு. இந்த நோயில் அவை ஆங்காங்கே புடைத்து, நீர்க்கட்டிகளாகின்றன. குட்டியாக இருக்கும்போது ஒரு கட்டி 1 மில்லிமீட்டர்கூட இராது. வருடங்கள் ஓட ஓட, சில கட்டிகள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்துவிடும். பூனையின் சிறுநீரகமே சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான்! நல்ல திசுவுக்கு எங்கே இடம்? பெரும்பாலும் 7 வயதை ஒட்டி அறிகுறிகள் தெரியும்: பூனை அடிக்கடி தண்ணீர் குடிக்கும், நிறைய சிறுநீர் கழிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், மெலியும்.

எதனால் இப்படி? 2004-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் லெஸ்லி லயன்ஸ் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட குறிப்பு. அதில் 'பிகேடி1' என்ற மரபணுவில், 'சி' இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 'ஏ' வந்துவிட்டது. அந்த இடத்தைச் செல் 'நிறுத்து' என்று படிக்கிறது. அதனால் சிறுநீரகக் குழாய்களுக்குத் தேவையான ஒரு புரதம் முழுதாக உருவாவதில்லை. மனிதர்களுக்கு வரும் இதே வகை நோய்க்கும் முக்கியக் காரணம் இந்த மரபணுவில் ஏற்படும் பிழைகள்தான்.

ஒவ்வொரு குட்டிக்கும் இந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். ஒன்று பழுதானாலும் நோய் வரும். இரண்டுமே பழுதானால் குட்டி பிறக்கும் முன்பே இறந்துவிடும். பெற்றோரில் ஒன்றுக்கு மட்டும் நோய் இருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் காசைச் சுண்டிப் போடுவதுபோல்தான்: பூ விழுந்தால் நோய், தலை விழுந்தால் நலம்.

இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் தடுக்க முடியும்! பூனையின் கன்னத்தின் உட்புறத்தை மெல்லிய பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து, டிஎன்ஏ பரிசோதனை செய்கிறார்கள். பூனைக்கு வலிப்பதில்லை. 10 மாத வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தும் கட்டிகளைப் பார்க்கலாம். பழுது இருக்கும் பூனையைக் குட்டி போட விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்தப் பூனையை ஒதுக்கிவிடாதீர்கள். இது தொற்றுநோய் அல்ல. எப்போதும் நல்ல தண்ணீர் வையுங்கள், கால்நடை மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள். பல ஆண்டுகள் உங்களோடு விளையாடக்கூடும்.

வீட்டில் பெர்சியன் குட்டி வாங்கப் போகிறார்களா? விற்பவரிடம் விலையைக் கேட்கும் முன், "தாய், தகப்பன் பூனைகளுக்குச் சிறுநீரகப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.