நிறுத்திய டிராக்டரில் பேட்டரி இறங்குவது ஏன்?

வைகை அணை திறந்து, பேரணை வழியாகக் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்ற செய்தி எட்டியதும் சோழவந்தான், வாடிப்பட்டி வட்டாரத்தில் நாற்றங்கால் வேலையும் சேற்றுழவும் ஒருசேரத் தொடங்கிவிடும். அணையில் இருப்பு நன்றாக உள்ள ஆண்டுகளில் இது ஜூன் மாதம். மழை பொய்த்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். எந்த மாதமானாலும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில் டிராக்டருக்கு இருக்கும் கிராக்கி விவசாயிகளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துச் சாவியைத் திருப்பினால் "டக், டக்" என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. இஞ்சின் சுற்றுவதில்லை. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக் கிளப்புவதற்குள் பாதிப் பொழுது போய்விடுகிறது. சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, வாடகை உழவுக்குக் காத்திருக்கும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் விவசாயிக்கும் அது நஷ்டம்தான்.

பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்கி மாட்டுபவர்கள் பலர். இரண்டு மூன்று மாதம் டிராக்டர் நின்றதும் புதுப் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. "கம்பெனி சரியில்லை" என்று வேறு கம்பெனிப் பேட்டரிக்கு மாறுகிறார்கள். அதுவும் இறங்குகிறது. வயலில் கட்டிய தண்ணீர் ஒரே இரவில் வற்றினால் எந்த விவசாயியும் உடனே இன்னொரு மடை தண்ணீர் பாய்ச்சமாட்டார். முதலில் வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளை இருக்கிறதா என்று பார்ப்பார். பேட்டரிக்கும் அதே முறைதான் பொருந்தும்.

நிறுத்திவைத்த டிராக்டரில் பேட்டரி இறங்குவதற்குக் காரணங்கள் மூன்று. பேட்டரியே பழுதாகிச் சார்ஜைத் தாங்காமல் இருக்கலாம். பேட்டரி நன்றாக இருந்தும் டிராக்டரின் வயரிங்கில் எங்கோ மின்சாரம் கசியலாம். அல்லது ஓடும்போதே சார்ஜ் ஏறாமல் இருந்து, பழி நிறுத்தியதன் மேல் விழலாம். இவற்றில் எது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.

கோடையும் பேட்டரியும்

அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின் டிராக்டர் பெரும்பாலும் கொட்டகையில் நின்றுவிடுகிறது. மார்ச், ஏப்ரல், மே என்று ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த மாதங்கள் அவை. எந்த வயரும் மாட்டாமல் சும்மா வைத்தாலும் ஈய ஆசிட் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜை இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பழைய பேட்டரியாக இருந்தால் ஒரு கோடை கழிவதற்குள் பாதிச் சார்ஜை இழப்பதும் உண்டு. அதைவிடக் கெடுதல், சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டுவைப்பது. உள்ளே ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்னும் வெள்ளைப் படிவம் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி திரும்புவதில்லை.

இதோடு கசிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் பார்க்கலாம். டிராக்டர்களில் 75 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி சாதாரணம். அணைக்க மறந்த 5 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 0.4 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. ஒரு வாரத்தில் பேட்டரி காலி. கண்ணுக்கே தெரியாத 50 மில்லி ஆம்பியர் கசிவுகூட நாளைக்கு 1.2 வீதம் ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். அதாவது ஏறக்குறையப் பாதி. தினமும் ஓடும் வண்டியில் இந்தக் கசிவு வெளியே தெரியாது, அன்றன்று ஏறும் சார்ஜ் அதை ஈடுகட்டிவிடும். மூன்று மாதம் நிற்கும் டிராக்டரில்தான் காட்டிக்கொடுக்கும். ஒரே பேட்டரி காரில் நாலு வருஷம் உழைப்பதும் டிராக்டரில் இரண்டு வருஷத்தில் படுப்பதும் இதனால்தான்.

விளக்கு எரிகிறதே, பிறகு ஏன் இஞ்சின் சுற்றவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அந்தச் சில நொடிகளில் நூறு, இருநூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும்.

எர்த் வயரைக் கழற்றிப் பாருங்கள்

முதலில் டெர்மினல்களைக் கவனிக்க வேண்டும். உப்புப் பூத்திருந்தால் வெந்நீரோ சமையல் சோடா கரைத்த நீரோ விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கமாகப் பூட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும். கழுவும் நீர் மூடித் துளை வழியாக உள்ளே போகக் கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் டெர்மினல் தளர்ந்ததால் மட்டும் கிளம்பாத டிராக்டர்கள் ஏராளம்.

பேட்டரியின் மேல்புறத்தையும் துடைக்க வேண்டும். ஆசிட் ஈரமும் புழுதியும் சேர்ந்த அழுக்கு இரண்டு முனைகளுக்கும் இடையே பாலம்போல் அமைந்து மின்சாரத்தைக் கசியவிடும். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை டெர்மினலிலும் மறுமுனையைப் பேட்டரியின் மேல்மூடியிலும் வைத்தால், அழுக்கு வழியே வரும் வோல்ட்டைக் கண்ணாலேயே காணலாம்.

அதன்பின் பேட்டரியைக் கடையில் கொடுத்து, அவசரமில்லாமல் 10, 12 மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சில மணி நேரம் ஆறவிட்டு வோல்ட் பார்த்தால் 12.6க்குக் குறையாமல் இருக்க வேண்டும். டிராக்டரில் வைத்து, எர்த் வயரை மட்டும் மாட்டாமல் விட்டுவிட வேண்டும். வழக்கமாக எத்தனை நாளில் இறங்குகிறதோ அத்தனை நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு எர்த்தை மாட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும்.

இஞ்சின் உற்சாகமாகச் சுற்றினால் பேட்டரியில் குற்றமில்லை. டிராக்டர்தான் அதை உறிஞ்சுகிறது. எர்த் கழற்றியிருந்தும் 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரிதான் பழுது. செலவில்லாத இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுப் பேட்டரி வாங்குவது, நோய் தெரியாமல் மருந்து அடிப்பதற்குச் சமம்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்து அறைகளில் 1.240 என்றும் ஒன்றில் மட்டும் 1.180 என்றும் காட்டினால் அந்த அறை போய்விட்டது. ஆறு மாடுகளில் ஒன்று படுத்துவிட்ட கதைதான்.

கசிவு எங்கே?

பேட்டரி நல்லது, டிராக்டரில்தான் கசிவு என்று தெரிந்தபின், வளையைத் தேட வேண்டும். அதற்கு 5 வாட் அளவுள்ள 12 வோல்ட் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு முழ வயர் போதும்.

சாவியை எடுத்துவிட்டு, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, எர்த் வயரைக் கழற்ற வேண்டும். பல்பின் ஒரு வயரைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதைக் கழற்றிய எர்த் வயரிலும் வைக்க வேண்டும். கசியும் மின்சாரம் முழுவதும் இப்போது பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்தால் கசிவு பெரிது. மங்கலாகச் சிவந்தால் நடுத்தரம். எரியவே இல்லையென்றால் கசிவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 50 மில்லி ஆம்பியர் கசிவு பல்பில் தெரியாது. அதற்கு மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது தவறிக்கூடச் சாவியைத் திருப்பக் கூடாது.

பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எந்த ப்யூஸைப் பிடுங்கியதும் பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. முகவிளக்கா, ஹாரனா, டிரெய்லருக்குப் போகும் வயரா என்பது அப்போது தெரிந்துவிடும். பிடுங்கிய ப்யூஸை அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைத்திருந்தால் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும். தீப்பிடிப்பது அங்கேதான்.

எல்லா ப்யூஸ்களையும் எடுத்தும் பல்பு அணையவில்லை என்றால், ப்யூஸைத் தொடாமல் நேராகப் பேட்டரியில் இணைத்த வயர்களைப் பார்க்க வேண்டும். பாட்டுப் பெட்டி, ஆம்ப்ளிபயர், செல்போன் சார்ஜர், கடன் கொடுத்தவர்கள் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டப்படுகின்றன. ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுக்கு டிராக்டரை அலங்கரித்து விளக்குச் சரம் கட்டுபவர்கள், சரத்தை அவிழ்த்தபின் அதற்கென இழுத்த வயரை அப்படியே தொங்கவிட்டால், அது பாடியில் உரசிக் கசிவது திருவிழா முடிந்து பல நாள் கழித்துத்தான் தெரியவரும்.

இன்னொரு எதிரி எலி. கொட்டகையில் வைக்கோல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் வயர் தப்பாது. தோல் உரிந்த வயர் வெயில் நாளில் சும்மா இருக்கும். ஒரு மழை பெய்து ஈரம் படிந்ததும் கசியத் தொடங்கும். எப்போதாவது மட்டும் பேட்டரி இறங்குகிறது என்று குழம்புபவர்கள் டேஷ்போர்டுக்கு அடியிலும் பானெட்டுக்கு உள்ளேயும் எலிப் புழுக்கை தென்படுகிறதா என்று தேடுவது நல்லது.

இவை எதுவுமில்லை என்றால் சந்தேகம் ஆல்டர்னேட்டரின் மேல் திரும்ப வேண்டும். அதனுள் டையோடு என்னும் உறுப்பு உண்டு. சார்ஜ் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது என்று தடுக்கும் ஒருவழிக் கதவு அது. அது பழுதானால் இரவெல்லாம் பேட்டரி ஆல்டர்னேட்டருக்குள் வடிந்துகொண்டிருக்கும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றித் துணி சுற்றிவைத்து, மறுபடி பல்பை வைத்துப் பார்க்க வேண்டும். பல்பு அணைந்துவிட்டால் குற்றவாளி அதுவே. டைனமோ உள்ள பழைய டிராக்டர்களில் இந்த வேலையைச் செய்வது கட்-அவுட். அதன் புள்ளிகள் ஒட்டிக்கொண்டால், இஞ்சினை நிறுத்தி வெகுநேரம் ஆனபின்னும் டைனமோ சூடாக இருக்கும்.

ஓடும்போதே ஏறாத சார்ஜ்

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். இஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் வோல்ட் பார்த்தால் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே என்றால் பெல்ட் தளர்வு, பிரஷ் தேய்வு, ரெகுலேட்டர் பழுது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15க்கு மேல் என்றால் பேட்டரி கொதித்து அடிக்கடி தண்ணீர் வற்றும். ஓடும் இஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள டிராக்டரில் அப்படிச் செய்தால் நல்ல டையோடும் கெட்டுவிடும்.

பராமரிப்பில் சில

பிரான்சு நாட்டு விஞ்ஞானி பிளாந்தே 1859இல் ஈய ஆசிட் பேட்டரியை உருவாக்கினார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. மதுரைக்கு அருகிலேயே, 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி சிக்ரி ஆய்வு நிலையம் பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. இருந்தும் கிராமங்களில் இரண்டு பழக்கங்கள் மறையவில்லை. ஒன்று, அளவு குறைந்ததும் ஆசிட் ஊற்றுவது. வற்றுவது தண்ணீர்தான், ஆகவே காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. மற்றொன்று, சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்ற நம்பிக்கை. மரப்பெட்டிப் பேட்டரிக் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை எதுவும் செய்யாது. பலகை மேல் வைப்பவர்களைத் தடுக்கவும் வேண்டாம், அதனால் நஷ்டமில்லை.

கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்ட வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. கண்ணில் ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவடைக்குப்பின் டிராக்டர் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால், முழுச் சார்ஜோடு எர்த் வயரைக் கழற்றிவைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தடவையும் ஸ்பானர் தேடச் சோம்பலாக இருந்தால் எர்த் வயரில் கட்-ஆப் சுவிட்ச் ஒன்று பொருத்திக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்தான் ஆகும். வாரம் ஒருமுறை இஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிடுவதில் பயனில்லை. கிளப்பச் செலவான சார்ஜ்கூட அதற்குள் திரும்ப ஏறாது. ஓட்டினால் அரை மணி நேரமாவது, வேலை செய்யும் வேகத்தில் ஓட்ட வேண்டும்.

உண்மையிலேயே உழைத்து ஓய்ந்த பேட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுக்க முயல வேண்டாம். ஈயத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். வாங்கிய தேதி குறித்த உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கி, டிராக்டரின் ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரப்படுத்த வேண்டும்.