ஈர்ப்பு அலைச் சைகைகளைக் கண்டறிதலும் வகைப்படுத்தலும்

ஈர்ப்பு அலைச் சைகைகளைக் கண்டறிதல் என்பது, ஈர்ப்பு அலை உணர்கருவிகள் இடைவிடாது பதிவு செய்யும் தரவுகளிலிருந்து, தொலைவிலுள்ள விண்பொருள்களில் இருந்து வந்திருக்கக்கூடிய அலைகளைப் பிரித்தெடுக்கும் பணியாகும். பிரித்தெடுத்த சைகை எதனால் உண்டானது என்று முடிவு செய்வது வகைப்படுத்தல் எனப்படுகிறது. இரு கருந்துளைகளின் மோதலா, இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதலா, இரண்டும் கலந்த இணையா, அல்லது புவியில் எழுந்த வெறும் இரைச்சலா என்பதே இங்கு எழும் கேள்வி. இந்த முடிவு எட்டப்படும் வரை, அல்லது ஐயத்துக்கு இடமிருக்கும் வரை, அது உத்தேசச் சைகை என்ற நிலையிலேயே இருக்கும்.

இரைச்சலை அலை என்று அறிவித்தால் உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகளின் நேரம் வீணாகும். அறிவியலின் மீதான நம்பிக்கையும் குறையும். உண்மையான அலையை இரைச்சல் என்று தள்ளிவிட்டால், சில மணி நேரமே பொலிவாகத் தெரியும் ஒரு வெடிப்பைக் காணும் வாய்ப்பு மீண்டும் வராது. எனவே இத்துறையில் ஒரு சைகை உண்டா, இல்லையா என்று மட்டும் சொல்லப்படுவதில்லை. அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதும் எண்ணால் குறிக்கப்படுகிறது.

அளவிடப்படுவது என்ன?

ஈர்ப்பு அலை கடந்து செல்லும்போது வெளி ஒரு திசையில் நீண்டு, அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்குகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் லூசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ உணர்கருவிகள் ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் அமைந்தவை. ஒவ்வொன்றின் கையும் 4 கிலோமீட்டர் நீளமுடையது. இரு கைகளிலும் சென்று திரும்பும் லேசர் ஒளியை ஒப்பிட்டு, கைகளின் நீளத்தில் ஏற்படும் வேறுபாடு அறியப்படுகிறது. இத்தாலியில் பீசா நகருக்கு அருகிலுள்ள விர்கோ, ஜப்பானில் உள்ள காக்ரா ஆகியனவும் இதே முறையில் இயங்குகின்றன.

2015 செப்டம்பர் 14 அன்று பதிவான முதல் ஈர்ப்பு அலையின் உச்ச வீச்சு ஏறத்தாழ 10இன் அடுக்கு -21 ஆகும். அதாவது 4 கிலோமீட்டர் நீளமுள்ள கையில், ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே மாற்றம் ஏற்பட்டது. இவ்வளவு சிறிய மாற்றத்தை உணரும் கருவி, அருகில் நடக்கும் வேறு எதையும் உணர்ந்துவிடும் என்பதே சிக்கலின் தொடக்கம்.

இரைச்சலின் வகைகள்

நில அதிர்வு, கடல் அலைகள், வாகனப் போக்குவரத்து ஆகியவற்றால் தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சல் மிகுதியாக இருக்கும். அமெரிக்க மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிலையான ஒரு கோட்டைப் பதிக்கிறது. உயர்ந்த அதிர்வெண்களில் ஒளியின் குவாண்டம் இயல்பே இரைச்சலாகிறது. இவை தொடர்ச்சியானவை; ஓரளவு முன்கூட்டியே அறியத்தக்கவை.

திடீரென்று தோன்றி நொடிப்பொழுதில் மறையும் இரைச்சல்களே அதிகத் தொல்லை தருகின்றன. இவை கிளிட்ச் எனப்படுகின்றன. சிலவற்றுக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படும். 2017 கோடையில் ஹான்ஃபோர்டில் தோன்றிய ஒரு வகை இரைச்சலுக்கு, குளிரூட்டும் அமைப்பின் குழாயில் படிந்த பனிக்கட்டியை அண்டங்காக்கைகள் கொத்தியதே காரணம் என்று தெரியவந்தது. வேறு பலவற்றின் காரணம் விளங்கவில்லை. அவற்றுள் 'பிளிப்' எனப்படும் மிகக் குறுகிய துடிப்பு, நிறைமிகு கருந்துளைகளின் மோதலைப் போலவே தோற்றமளிப்பதால் ஆய்வாளர்களைக் குழப்பக்கூடியது.

கிளிட்ச்களை அடையாளம் காண, தரவு நேர–அதிர்வெண் வரைபடமாக மாற்றப்படுகிறது. கிடைமட்ட அச்சில் நேரமும் செங்குத்து அச்சில் அதிர்வெண்ணும் அமைய, ஆற்றலின் அளவு நிறத்தால் காட்டப்படும். இரு விண்பொருள்கள் சுழன்று நெருங்கி இணையும்போது இப்படத்தில் இடமிருந்து வலமாக மேல்நோக்கி வளையும் ஒரு கோடு தோன்றும். கிளிட்ச்களுக்கு வேறு வடிவங்கள் உண்டு. 2016இல் தொடங்கப்பட்ட 'கிராவிட்டி ஸ்பை' திட்டத்தில் பொதுமக்கள் இணையத்தின் வழியே இப்படங்களைப் பார்த்து வகை பிரிக்கின்றனர். அவர்கள் பிரித்த படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

வார்ப்புருப் பொருத்தம்

இரைச்சலில் புதைந்த சைகையைத் தேடுவதற்கான முதன்மையான வழி வார்ப்புருப் பொருத்தம் ஆகும். பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி, குறிப்பிட்ட நிறைகளும் தற்சுழற்சியும் கொண்ட இரு பொருள்கள் மோதினால் அலை எவ்வாறு இருக்கும் என்பதை முன்பே கணக்கிட முடியும். இவ்வாறு கணக்கிட்ட அலைவடிவம் ஒவ்வொன்றும் ஒரு வார்ப்புரு. பதிவான தரவின் மீது வார்ப்புருவை நகர்த்திக்கொண்டே சென்றால், இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் சைகை–இரைச்சல் விகிதம் உயரும். சந்தைக்கடை இரைச்சலுக்கிடையிலும் பழகிய குரலைக் காது இனம்கண்டுகொள்வதை இதற்கு ஒப்பிடலாம்.

வரப்போகும் மோதலின் நிறைகள் முன்கூட்டித் தெரியாததால், எல்லா வாய்ப்புகளுக்கும் வார்ப்புருக்கள் தேவை. 2015ஆம் ஆண்டின் தேடலில் ஏறத்தாழ 2,50,000 வார்ப்புருக்கள் பயன்படுத்தப்பட்டன. இம்முறையின் வளர்ச்சியில் இந்திய அறிவியலாளர்களுக்குப் பங்குண்டு. மோதும் இணைகளைத் தேட எத்தனை வார்ப்புருக்கள், எவ்வளவு நெருக்கமாக வேண்டும் என்பதைப் பற்றி பி. எஸ். சத்தியபிரகாஷ், சஞ்சீவ் துரந்தர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்றாகும்.

விகிதம் உயர்ந்தால் மட்டும் போதாது. வலிமையான கிளிட்ச் ஒன்றும் விகிதத்தை உயர்த்திவிடும். எனவே சைகையை அதிர்வெண் வாரியாகப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் வார்ப்புரு சொல்லும் பங்கைத் தருகிறதா என்று சரிபார்க்கப்படுகிறது. கிளிட்ச் பெரும்பாலும் ஒரு பகுதியில் மட்டும் குவிந்திருக்கும் என்பதால் இச்சோதனையில் சிக்கிக்கொள்ளும். வார்ப்புரு இல்லாமல், இரு கருவிகளிலும் ஒத்த வடிவில் தோன்றும் ஆற்றல் மிகுதியைத் தேடும் முறையும் உண்டு. 2015இன் முதல் அலையை, அது வந்து மூன்று நிமிடங்களுக்குள் சுட்டிக்காட்டியது இம்முறையே.

இரண்டு இடங்களில் ஒரே சைகை

ஹான்ஃபோர்டும் லிவிங்ஸ்டனும் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. ஒளியின் வேகத்தில் வரும் அலை இரண்டையும் அதிகபட்சம் 10 மில்லிநொடி வேறுபாட்டில் கடந்துவிடும். முதல் அலை லிவிங்ஸ்டனில் பதிவாகி 6.9 மில்லிநொடிக்குப் பின் ஹான்ஃபோர்டில் பதிவானது. ஓரிடத்துக் காக்கையோ வாகனமோ மற்ற இடத்தில் அதே நேரத்தில் அதே வடிவத்தை உண்டாக்க இயலாது.

எனினும் இரண்டு தனித்தனி இரைச்சல்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் நிகழலாம். இதைக் கவனியாமல் விட்டதன் விளைவை இத்துறை தன் தொடக்கத்திலேயே கண்டது. ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளை மேரிலாந்திலும் சிகாகோவுக்கு அருகிலும் நிறுவி, இரண்டிலும் ஒரே நேரத்தில் அதிர்வுகள் தோன்றியதாக 1969இல் அறிவித்தார். பிற ஆய்வுக் குழுக்களால் அதை மீண்டும் காண முடியவில்லை. பின்னர், வேறொரு குழுவின் தரவோடும் ஒத்த நேர நிகழ்வுகள் இருப்பதாக அவர் கூறினார். ஆனால் அவ்விரு தரவுகளும் வெவ்வேறு நேர மண்டலங்களில் குறிக்கப்பட்டவை என்றும், ஒப்பிடப்பட்ட பதிவுகளுக்கிடையே உண்மையில் நான்கு மணி நேர இடைவெளி இருந்தது என்றும் தெரியவந்தது. ஒரே நேரத்தில் பதிவாகாத தரவிலும் ஒற்றுமை கிடைக்குமானால், அந்த ஒற்றுமைக்குப் பொருளில்லை.

பொய் எச்சரிக்கை வீதம்

வெபரைத் தவறச் செய்த அதே நிலை இன்று திட்டமிட்டுச் சோதனையாகவே செய்யப்படுகிறது. ஒரு கருவியின் தரவை மற்றதைவிடச் சற்று நகர்த்தி வைத்தால், உண்மையான அலை இரண்டிலும் ஒத்துவராது. அப்போது கிடைக்கும் ஒற்றுமைகள் அனைத்தும் தற்செயலானவையே. 2015இல் 16 நாள் தரவை இவ்வாறு 0.1 நொடி நொடியாகச் சுமார் ஒரு கோடி முறை நகர்த்தி, 6,08,000 ஆண்டுகளுக்குச் சமமான செயற்கைத் தரவு உருவாக்கப்பட்டது. செப்டம்பர் 14 சைகையளவு வலிமையான தற்செயல் ஒற்றுமை அதில் ஒன்றுகூட இல்லை. தேடல் மூன்று பிரிவுகளாக நடந்ததைக் கணக்கில் கொண்டு, பொய் எச்சரிக்கை வீதம் 2,03,000 ஆண்டுகளுக்கு ஒன்றைவிடக் குறைவு என்று மதிப்பிடப்பட்டது. 2016 பிப்ரவரி 11 அன்று கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது.

இந்த முறைக்கு முன்பே ஓர் ஒத்திகை நடந்திருந்தது. 2010 செப்டம்பர் 16 அன்று நல்ல வலிமையுள்ள ஒரு சைகை பதிவானது. பெருநாய் விண்மீன் குழாமின் திசையில் இருந்து வந்ததாகத் தோன்றியதால் அதற்குப் 'பெரிய நாய்' என்று பெயர் வழங்கியது. ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் அதை ஆராய்ந்து, வெளியிடுவதற்கான கட்டுரையையும் எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில் மூடிய உறை திறக்கப்பட்டபோது, அது ஒரு சிறு குழு மற்றவர்களுக்குத் தெரியாமல் ஆடிகளை அசைத்துச் செலுத்திய சோதனைச் சைகை என்பது வெளியானது. முறை சரியாக இயங்கியது என்பதை அது மெய்ப்பித்தது.

விண்பொருள்களை வகைப்படுத்தல்

சைகையின் நீளமும் அதிர்வெண் உயரும் வேகமும் மோதிய பொருள்களின் நிறையைக் காட்டுகின்றன. நிறை கூடினால் சைகை குறுகும். சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறைகொண்ட கருந்துளைகள் மோதிய முதல் அலை சுமார் 0.2 நொடியே நீடித்தது. மொத்த நிறை 2.7 சூரிய நிறையளவே இருந்த இரு நியூட்ரான் விண்மீன்களின் அலை 2017 ஆகஸ்ட் 17 அன்று 100 நொடி அளவுக்கு நீடித்தது. 2019 மே 21 அன்று பதிவான, ஏறத்தாழ 85, 66 சூரிய நிறைகள் கொண்ட கருந்துளைகளின் சைகையோ 0.1 நொடியே இருந்தது. இவ்வளவு குறுகிய சைகையைப் பிளிப்பிலிருந்து பிரித்தறிய, அது ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் ஒத்திருப்பதே பெருந்துணை.

சைகை வந்த சில நிமிடங்களில் வானியலாளர்களுக்கு அனுப்பப்படும் எச்சரிக்கையில் நான்கு வாய்ப்புகளுக்கும் நிகழ்தகவு தரப்படும்: நியூட்ரான் விண்மீன் இணை, நியூட்ரான் விண்மீன்–கருந்துளை இணை, கருந்துளை இணை, புவி சார்ந்த இரைச்சல். 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரையிலான மூன்றாம் நோக்கீட்டுக் காலத்தில் 80 எச்சரிக்கைகள் வெளியாயின. அவற்றுள் 24 பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

சில வேளைகளில் அலை உறுதியாகவும் வகை ஐயமாகவும் இருக்கும். 2019 ஆகஸ்ட் 14 அன்று பதிவான சைகையில் ஒரு பொருள் 23 சூரிய நிறைகொண்ட கருந்துளை. மற்றது 2.6 சூரிய நிறை. அது அறியப்பட்டவற்றுள் மிக நிறைமிகுந்த நியூட்ரான் விண்மீனா, மிக நிறைகுறைந்த கருந்துளையா என்பது முடிவாகவில்லை.

முடிவுகள் மாறிய எடுத்துக்காட்டுகள்

2017 ஆகஸ்ட் 17 சைகையைக் கணினி முதலில் ஹான்ஃபோர்டில் மட்டுமே கண்டது. லிவிங்ஸ்டன் தரவில், மோதலுக்கு 1.1 நொடிக்கு முன் வலிமையான ஒரு கிளிட்ச் குறுக்கிட்டதால் தானியங்கித் தேடல் அப்பகுதியை ஒதுக்கிவிட்டது. மோதலுக்கு 1.7 நொடிக்குப் பின் ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்திருந்தது. ஆய்வாளர்கள் நேர–அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்தபோது, கிளிட்சின் ஊடே சைகையின் வளைகோடு தெளிவாகத் தெரிந்தது. கிளிட்ச் நீக்கப்பட்டு, விர்கோவின் தரவும் சேர்க்கப்பட்டதும் தேட வேண்டிய வானப் பரப்பு 31 சதுர பாகையாகச் சுருங்கியது. மோதல் நிகழ்ந்து 11 மணி நேரத்திற்குள், சுமார் 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள என்ஜிசி 4993 விண்மீன் பேரடையில் அதன் ஒளி காணப்பட்டது. பொன் போன்ற கனத் தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு வலுவான சான்று அவ்வொளியிலிருந்து கிடைத்தது.

2015 அக்டோபர் 12 சைகையின் பொய் எச்சரிக்கை வீதம் முதல் ஆய்வில் 2.3 ஆண்டுகளுக்கு ஒன்று என இருந்தது. அதனால் அதற்கு ஈர்ப்பு அலைக்குரிய பெயர் வழங்கப்படாமல் வெறும் உத்தேசச் சைகையாகவே குறிக்கப்பட்டது. தேடல் முறைகள் மேம்பட்டபின், 2018 டிசம்பரில் வெளியான முதல் பட்டியலில் அது 11 அலைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. இதற்கு மாறாக, 2020இல் வெளியான இரண்டாம் பட்டியலின் 39 சைகைகளுள் மூன்று, மறு ஆய்வில் பாதிக்கும் குறைவான நிகழ்தகவு பெற்றன.

இன்றைய நிலை

2021 நவம்பரில் வெளியான மூன்றாம் பட்டியல், அதுவரையான 90 சைகைகளைக் கொண்டது. விண்வெளியிலிருந்து வந்திருப்பதற்கான நிகழ்தகவு பாதிக்கு மேல் இருப்பதே அதில் இடம்பெறுவதற்கான அளவுகோல். ஆகவே பட்டியலில் உள்ள சில இரைச்சலாக இருக்கலாம் என்பதும் வெளிப்படையாகவே ஏற்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சைகைக்கும் உரிய நிகழ்தகவு தரப்படுவதால், பயன்படுத்துவோர் தம் ஆய்வுக்கு ஏற்ற வரம்பைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். தரவுகளும் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்படுகின்றன. மாணவர்களும் அவற்றைத் தரவிறக்கி ஆராய முடியும்.

மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ–இந்தியா உணர்கருவிக்கு 2023 ஏப்ரலில் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. புவியின் மறுபுறத்தில் மேலும் ஒரு கருவி சேரும்போது, சைகை வந்த திசையை இன்னும் நுட்பமாகக் கணிக்கலாம். ஒரு கருவி கிளிட்சால் தடைபட்டாலும் மற்றவற்றின் துணையால் அலையைத் தவறவிடாமல் இருக்கும் வாய்ப்பும் கூடும்.